பாக்கியலெட்சுமியின் இடி

பதுளைக் கடைவீதியில் பொறாமையை மூட்டை கட்டி விற்கலாம் என்றிருந்தால், பாக்கியலெட்சுமிதான் அதற்கு மொத்த வியாபாரி. இதை நான் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சில்லறைக்குத்தான் நீங்க இருக்கீங்களேக்கா" என்றாள். அவள் வாய் அப்படி.

அவள் சொன்னதிலும் தப்பில்லை. நான் பிரான்சிஸ்கா, தையல்காரி. தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்து வயிறு கழுவுகிறவள். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, தர்மலிங்கம் அண்ணாச்சியின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருந்த ஓர் அறையில் குடியிருந்தேன். பாக்கியலெட்சுமி அந்த அண்ணாச்சியின் மனைவி. அவர்கள் பின்கட்டும் என் அறையும் ஒரே கொல்லையைப் பார்த்தபடி இருக்கும். நான் தையல் மிஷினை வாசலில் போட்டு உட்கார்ந்தால் அவர்கள் வீட்டில் பால் பொங்குவதுகூடத் தெரியும். பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் கண்ணை எங்கே கழற்றி வைப்பது?

லுணுகலையில் பாக்கியத்தின் அப்பாவுக்கு ஒரு துணிக்கடை இருந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஊன்றிக்கொண்ட குடும்பம். அவளுக்குப் பின்னால் ஒரு தங்கச்சி பிறந்தபோது, அம்மா மடியில் கிடந்த குழந்தையைக் காட்டி, "இதை எப்பக் கொண்டுபோவாங்க?" என்று கேட்டாளாம். அந்தத் தங்கச்சிக்கு அம்மை போட்டு வீடே அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, தனக்கும் வேப்பிலைப் படுக்கை வேண்டும் என்று முற்றத்தில் புரண்டு அழுதிருக்கிறாள். இதையெல்லாம் அவளேதான் எனக்குச் சொன்னாள், ஏதோ பரிசு வாங்கின கதையைச் சொல்வதுபோல.

பதினேழு வயதில் தர்மலிங்கத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் நல்ல மனிதர். தராசில் ஏமாற்றமாட்டார், வாயில் பொய் வராது, பேச்சே கொஞ்சம்தான். ஆனால் அவரைச் சுற்றிப் பேச்சுக்குக் குறைவில்லை. விடிந்து கடைப்பலகையை எடுத்தால் போதும், "அண்ணாச்சி, கருவாடு", "மொதலாளி, மண்ணெண்ணெய்", "அண்ணாச்சி, போன வாரம் வாங்குன மாவுல வண்டு" என்று ஊர் முழுக்க அவர் பெயரைத்தான் ஏலம் போடும். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஜனம் இறங்கி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அவர் ஒருவர், அவரைக் கூப்பிடுகிற வாய் ஆயிரம்.

பாக்கியத்துக்குப் பிள்ளை தங்கவில்லை. வயிற்றில் வந்ததெல்லாம் வந்த வழியே போய்விட்டது. அந்த வேதனையை அவள் அதிகம் பேசமாட்டாள். அவளுக்கென்று இருந்தது சாயங்கால நேரம் ஒன்றுதான். கடையை அடைத்து, குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு அண்ணாச்சி பின்கட்டு பெஞ்சில் வந்து உட்காருவார். அவள் காப்பியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய சேதியை அவிழ்ப்பாள். யார் வீட்டில் சண்டை, எந்தக் கோழி முட்டையிடவில்லை, பிரான்சிஸ்கா அக்கா எந்த ரவிக்கைக்குக் கை வைக்க மறந்தாள், எல்லாம் வரும். அவர் "ம்" என்பார். அந்த ஒரு "ம்"முக்காக அவள் பகல் முழுக்கச் சேதி சேர்த்து வைத்திருப்பாள். இருட்டி விளக்கேற்றும் வரை அது நடக்கும்.

எனக்கு "ம்" போட ஆள் இல்லாத வீடு. அதை வாசலில் உட்கார்ந்து பார்க்க எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். கர்த்தர் மன்னிப்பார்.

அந்த நேரத்தில் யாரும் கைவைத்துவிடக்கூடாது என்பதுதான் பாக்கியத்தின் காவல். கடையில் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் ஒருத்தி அண்ணாச்சியிடம் சிரித்துப் பேசினால், உள்ளேயிருந்து இவள் வந்து புளியைத் தானே நிறுப்பாள். சிரித்தவளுக்கு அன்றைக்குப் புளியில் கொட்டைதான் மிஞ்சும். "ஒன் புருசன யாருடி தூக்கிட்டுப் போகப்போறா, அந்த வழுக்கையையும் தொப்பையையும்?" என்று நான் கேட்டால், "தூக்கிட்டுப் போறவளுக்கு வழுக்கை தெரியவாக்கா போகுது?" என்பாள்.

அப்படிக் கண்ணில் எண்ணெய் ஊற்றிக் காத்த வீட்டுக்குள் ஒருத்தி பெட்டியில் உட்கார்ந்து வந்துவிட்டாள்.

ரயில் பதுளைக்கு வந்து கொஞ்ச காலம் ஆன சமயம். கொழும்பில் ஆகாயத்தின் வழியாகப் பாட்டு அனுப்புகிறார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மலைமேல் ஒரு தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது தன் வயர்லெஸ் பெட்டியை விற்றுவிட்டுப் போனார். நம் அண்ணாச்சிக்கு எந்த ஆசையும் இருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அதை வாங்கிவிட்டார். துரை பங்களாவில் சமையல் பார்த்த மாணிக்கராஜ் ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அதைப் பொருத்திப் பூட்டிக் கொடுக்க வந்தான். எங்கள் கோயில் ஆள்தான், எனக்குத் தூரத்து உறவு.

கம்பியே இல்லாமல் பாட்டு வரும் பெட்டி என்றார்கள். அதற்கு அவன் கட்டின கம்பியில் இன்னொரு வீட்டுக்கு வேலி போடலாம். கூரையில் ஒரு மூங்கில், பலாமரத்தில் ஒரு மூங்கில், இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி, அதிலிருந்து ஜன்னல் வழியாகப் பெட்டிக்கு ஒன்று. பெட்டியிலிருந்து இன்னொரு கம்பியை வெளியே கொண்டுவந்து, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஓர் அலவாங்கை, அதாவது கடப்பாரையை, மண்ணில் ஆழமாக இறக்கி அதன் தலையில் சுற்றினான்.

"அக்கா, இந்த எடம் எப்பவும் ஈரமா இருக்கணும்" என்று பாக்கியத்திடம் சொன்னான். "மண்ணு காஞ்சா பாட்டும் காஞ்சிரும். சாயங்காலம் ஒரு கொடம் தண்ணி ஊத்திருங்க."

அண்ணாச்சியிடம் வேறு எச்சரிக்கை. "மொதலாளி, காதுல கரகரன்னு வந்தா எங்கேயோ மின்னுதுன்னு அர்த்தம். அது கூடிக்கிட்டே வந்தா கழட்டி வெச்சிட்டு, மேலேருந்து வர்ற கம்பிய உருவி ஜன்னலுக்கு வெளிய போட்ருங்க. மின்னல் அது வழியா எறங்குனா பெட்டியும் போகும், ஆளும் போயிரும்."

பாட்டு பெட்டிக்கு வெளியே வராது. காதில் மாட்டுகிற இரண்டு கிண்ணங்கள், தலைக்கு மேலே ஒரு பட்டை. நாங்கள் அதைக் கிண்ணம் என்றே சொல்வோம். ஒரே ஒரு ஜோடிதான். பெட்டிக்குள்ளே மூடிக்கு அடியில் பாரமான ஒரு பேட்டரி இருக்கும். அது செத்துப்போகும்போதெல்லாம் அண்ணாச்சியே அதைத் தூக்கிக்கொண்டு இப்றாஹீமின் லொறி ஷெட்டுக்குப் போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவார்.

முதல் நாள் சாயங்காலம் அவர் கிண்ணத்தை மாட்டிக்கொண்டு திருகினார். கொஞ்ச நேரம் முகம் சுருங்கிக் கிடந்தது. பிறகு அவர் சிரித்தார். நான் தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அந்த மனிதருக்குப் பல் இத்தனை அழகு என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

பாக்கியம் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "என்னங்க? என்ன கேக்குது?"

"பாட்டு" என்றார் அவர், கண்ணை மூடியபடியே.

"யாரு பாடுறா?"

"ஒரு பொம்பள."

அவ்வளவுதான். அன்றைக்கே அந்தப் பெண்ணுக்குக் கொழும்புக்காரி என்று பெயர் வைத்தாகிவிட்டது. அது தட்டில் பதிந்த பாட்டு, பாடினவள் இந்தியாவில் எங்கேயோ இருக்கிறாள் என்று மாணிக்கராஜ் வந்தபோது சொல்லிப் பார்த்தான். "தட்டுல இருந்தா என்ன, தொண்டை அவளோடதுதானே?" என்று கேட்டாள் பாக்கியம்.

அதற்குப் பிறகு சாயங்காலங்கள் கொழும்புக்காரிக்குப் போயின. கொழும்பில் பாட்டு அனுப்பாத நாட்களிலும் எங்கேயாவது ஏதாவது அகப்படுமா என்று அவர் திருகிக்கொண்டிருப்பார். பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து சேதி சொன்னால் கையை உயர்த்தி, பொறு என்று காட்டுவார். பொறுத்தாள். காப்பி ஆறிப்போகும். எனக்கு என்ன எரிச்சல் என்றால், அவளுக்குச் சேதி சொல்ல வேறு ஆள் இல்லாமல் எல்லாவற்றையும் என்னிடம் கொண்டுவந்து கொட்டினாள். நானும் "ம்" என்றுதான் சொன்னேன். அது அவளுக்குப் பற்றவில்லை.

"அவ எப்படி இருப்பான்னு நெனைக்கிறீங்கக்கா?" என்று கேட்பாள். "செவப்பா இருப்பாளா? கொழும்புல மழையே வேற மாதிரியாம். தலைக்கு என்ன தேய்ப்பா?" அந்தக் கொழும்புக்காரிக்கு வாரத்துக்கொரு சேலையும் வைர மூக்குத்தியும் இவளே எடுத்துக் கொடுத்தாள். பிறகு அந்த மூக்குத்திக்காக இரவெல்லாம் தூங்காமல் கிடந்தாள்.

"நீயும் ஒரு தடவை மாட்டிக் கேளேன்டி. என்னதான் பாடுறான்னு தெரிஞ்சிக்க."

"அவ பாட்டு எனக்கு எதுக்கு? நான் கேட்டா அவளுக்குல்ல பெருமை."

அந்த நாட்களில் ஒரே ஒரு தடவை அவள் காதில் கிண்ணம் ஏறியது. பங்குனி பிறந்து மத்தியானத்துக்கு மேல் வானம் கறுக்க ஆரம்பித்திருந்தது. அண்ணாச்சி தானாகவே சிரித்து, "இந்தா புள்ள, இதக் கேட்டுப்பாரு" என்று கழற்றி அவள் காதில் வைத்தார். கொண்டை இடித்தது. அவள் முகத்தைக் கோணிக்கொண்டு கேட்டாள்.

"எண்ணெயில கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கு."

"அதுதான் மின்னல். எல்ல ஊருப் பக்கம் மலைக்கு அப்பால மின்னுனாலும் இங்க கேட்டுரும். இனிப் பாட்டு கேக்காது."

அவர் எழுந்து மேல்கம்பியை உருவி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டு பெஞ்சுக்கு வந்தார். மழை வந்தது. அவர் காப்பி குடித்தார். அவள் பேசினாள். அவர் "ம்" என்றார்.

பங்குனியும் சித்திரையும் எங்கள் மலையில் இடி மாதங்கள். காலையில் வெயில் காயும், மூன்று மணிக்கு மேல் மேகம் திரளும், சாயங்காலம் இடித்துக் கொட்டும். இடி இடித்தால் நான் குருத்தோலைத் திருநாளில் மந்திரித்த ஓலையில் ஒரு துண்டைக் கொளுத்திச் செபம் சொல்வேன். பாக்கியத்தின் வீட்டு வழக்கம் வேறு. வீட்டிலுள்ள இரும்பையெல்லாம், அரிவாள், பூண் போட்ட உலக்கை, அரிவாள்மனை எல்லாவற்றையும் முற்றத்தில் கொண்டுபோய்ப் போடுவாள். இரும்பைக் கண்டால் இடி அங்கேயே இறங்கிவிடுமாம், வீட்டுக்குள் வராதாம். போட்டுவிட்டு "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று கூப்பிடுவாள். மற்ற வருஷங்களில் பயந்து கூப்பிட்டவள் அந்த வருஷம் மாமன் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள். வானம் வெளுத்திருந்தால் முகம் தொங்கிப்போகும்.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள், மழை சீக்கிரமே பெய்து ஓய்ந்துவிட்டது. அண்ணாச்சி கம்பியை மறுபடி செருகிக் கிண்ணத்தை மாட்டிக்கொண்டார். பாக்கியம் பல்லைக் கடித்துக்கொண்டு முற்றத்து இரும்பையெல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். துவைக்கிற கல்லோரம் கிடந்த அரிவாளை எடுக்கும்போது, அதன் முனை அலவாங்கில் சுற்றியிருந்த கம்பியை உரசிவிட்டது.

உள்ளே அண்ணாச்சி கிண்ணத்தைப் பிடுங்கி எறிந்தார். "இன்னும் இடிக்குதே!"

இவள் வானத்தைப் பார்த்தாள். மேற்கே வெளுத்து, தும்பி பறந்துகொண்டிருந்தது. இடியும் இல்லை, மின்னலும் இல்லை. மெதுவாகக் கையிலிருந்த அரிவாளைப் பார்த்தாள். இன்னொரு தடவை சுரண்டினாள். "பாரு, மறுபடியும்!" என்று உள்ளே சத்தம் வந்தது. நான் வாசலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். மாலை மாற்றின அன்றைக்குக்கூட அவள் முகம் அப்படி மலர்ந்திருக்காது.

வைகாசி, ஆனி, ஆடி, எங்கள் பக்கம் காய்ந்து கிடக்கும். காற்றுதான் அடிக்கும். கொழும்புக்காரி தடையில்லாமல் பாட வேண்டிய மாதங்கள். அந்த மாதங்களில்தான் பாக்கியலெட்சுமி வானத்தின் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் குடத்தோடு போவாள். முந்தானைக்குள் அரிவாள் இருக்கும். குனிந்து இரண்டு சுரண்டு சுரண்டுவாள். உள்ளே பாட்டு செத்துவிடும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்து, அவர் எழுந்திருக்கவில்லை என்றால் இன்னும் நாலு சுரண்டு. கடைசியில் அவர் கம்பியை உருவிப் போட்டுவிட்டு வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்ப்பார்.

"எங்கேயோ பெரிய இடி, புள்ள."

"ஆமாங்க, எனக்கும் லேசாக் கேட்டுச்சு. உக்காருங்க, காப்பி தர்றேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. வாயில் நூலைக் கவ்விக்கொள்வேன்.

அண்ணாச்சி அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. இடி வருவது தனக்கு முன்கூட்டியே தெரிகிறது, தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லாமல் இருப்பது பாவம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. சாயங்காலம் சரக்கோடு லுணுகலைக்குக் கிளம்புகிற இப்றாஹீமை நிறுத்தி, "பெரிய மழை வருதுப்பா, தார்ப்பாயை இழுத்துக் கட்டு" என்றார். இப்றாஹீம் பாவம், சுமையெல்லாம் மூடிக் கட்டினான். வழி முழுக்க ஒரு துளி இல்லை. அடுத்த வாரமும் அப்படியே. தோட்டத்துக்குத் திரும்ப இருந்த ஜனத்தை ஒரு நாள் மழை வருகிறது என்று கடை வாசலிலேயே நிறுத்திவைத்தார். அவர்கள் இருட்டில் மலையேறினதுதான் மிச்சம். அதற்குள் கடைவீதி அவருக்கு இடி மொதலாளி என்று பெயர் வைத்துவிட்டது. துணி காயப்போட்டவர்கள்கூட, "மொதலாளி, இன்னைக்கு வானத்துல என்ன சங்கதி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவர் தராசைத் துடைத்தார்.

"பாவம்டி அவரு. போதும் விடு" என்று நான் திட்டினேன்.

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. எனக்கு எம்புருசன் வேணும்" என்றாள்.

ஆவணியில் அது நின்றது. அதாவது, அவர் எழுந்திருப்பது நின்றது. இவள் சுரண்டினாள், அவர் அசையவில்லை. இன்னும் சுரண்டினாள். கம்பியே தேய்ந்து மின்னுகிற அளவுக்குச் சுரண்டினாள். அவர் கிண்ணத்தை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் அல்ல, தினமும். தண்ணீர் ஊற்றாமல் மண்ணைக் காயவிட்டாள். அதற்கும் அசைவில்லை. ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை என்ற கணக்கே இல்லாமல் எல்லா நாளும் கிண்ணம் காதில் இருந்தது.

பாக்கியம் இளைத்துப்போனாள். மாரியம்மன் கோயிலில் விளக்கேற்றினாள். தலைக்கு எண்ணெய் வைத்து மல்லிகை முடித்துக்கொண்டு அவருக்கு எதிரே நடந்தாள். அவருக்குப் பிடித்த பணியாரம் சுட்டு வைத்தாள். அவர் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இப்பச் சிரிக்கிறதுகூட இல்லக்கா" என்று என் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதாள். "முன்னாடியாவது மொகத்துல தெரியும். இப்ப அதையும் எனக்குத் தெரியாம உள்ளுக்குள்ள வெச்சிக்கிட்டாரு. அவ்வளவு ஆசை. இடி இடிச்சாலும் அவள விட்டு வர மனசில்ல."

ஆசையை அளந்து பார்க்கும் தராசு என்னிடம் இல்லை. ஆனால் அண்ணாச்சி முகத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் பட்டது. எந்தப் பெண் பாடினால் ஒரு ஆண் இப்படிக் கல்லாய் உட்கார்ந்திருப்பான்? என் வீட்டுக்காரர் நான் பேசினால் பாதியில் தூங்கிவிடுவார். அந்தக் கொழும்புக்காரி மேல் எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

ஐப்பசியில் மழை திரும்பியது. ஒரு நாள் நாலு மணிக்கே கடைவீதி இருண்டுவிட்டது. ஜனம் ஓடி ஒதுங்கிவிட, அண்ணாச்சி பலகையைச் சீக்கிரம் போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு வந்தார். பாக்கியம் இரும்பையெல்லாம் முற்றத்தில் எறிந்துகொண்டிருந்தாள். மலை முகட்டில் மின்னல் இறங்கிக்கொண்டிருந்தது. பொய் இடி இல்லை, நிஜ இடி. என் அறையின் தகரம் அதிர்ந்தது. நான் ஓலையைக் கொளுத்தக் கையை நீட்டினேன்.

அப்போது பாக்கியம் அலறினாள். "ஏங்க! கம்பி! கம்பிய உருவுங்க!"

எட்டிப் பார்த்தேன். மேல்கம்பி பெட்டியில் செருகியபடியே இருந்தது. அண்ணாச்சி கிண்ணத்தை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஓலையை எறிந்துவிட்டு மழையில் ஓடினேன்.

"ஒண்ணும் ஆகாது, நீ போ" என்றார் அவர். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

அவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. செத்தாலும் பரவாயில்லை, அவள் பாட்டைக் கேட்டுக்கொண்டே சாகிறேன் என்று ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான் என்றுதானே நினைப்பாள்? பாய்ந்து போய் அவர் தலையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கினாள். பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது.

"ஏண்டி! கொழும்புக்காரி! ஒனக்கு வேற வீடு கெடைக்கலையா? எம்புருசன் உசுரு போற நேரத்துலயுமாடி ஒனக்குப் பாட்டு?"

கிண்ணத்துக்குள் பேசினால் கொழும்புக்குக் கேட்கும் என்று நினைத்துவிட்டாள். வேறொரு நாளாக இருந்தால் நான் சிரித்துச் செத்திருப்பேன். அதே சமயம் பலாமரத்துக்கு மேலே வானம் வெள்ளையாகப் பிளந்தது. இடி வீட்டைப் பிடித்து உலுக்கியது.

அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினாள். இன்னொரு மின்னல் வெட்டியது. அவள் என்னைப் பார்த்தாள்.

"கடுகு வெடிக்கலக்கா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. நான் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, ஆண்டவரே என்று மேல்கம்பியை உருவி ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன். அவள் அதற்குள் பெட்டியின் மூடியைத் தூக்கிவிட்டாள். உள்ளே பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் தூசியும் ஒரு கரப்பான் பூச்சியும் இருந்தன.

"பேட்டரி எங்க?"

"இப்றாஹீம் ஷெட்டுல" என்றார் அண்ணாச்சி.

"எப்பயிருந்து?"

"ஆவணியில குடுத்தேன். சும்மா கரகரன்னுதானே கேக்குது, பாட்டா வருது? ஊரே சிரிக்குது. நம்ம மலைக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராதுன்னு விட்டுட்டேன்."

அப்படியென்றால் பாக்கியலெட்சுமி எப்போதோ ஜெயித்துவிட்டாள். ஆவணியிலேயே அவள் அரிவாள் கொழும்புக்காரியை வீட்டைவிட்டு விரட்டிவிட்டது. இவ்வளவு நாளும் அந்தப் பெட்டிக்குள் யாருமே இல்லை.

அவள் மெதுவாகக் கேட்டாள். "அப்ப தெனமும் இத மாட்டிக்கிட்டு என்னத்தக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"ஒண்ணும் கேக்கல."

"அப்புறம் எதுக்கு?"

நான் முன்னமே சொன்னேன், அந்த மனிதருக்குப் பொய் வராது. "காலையிலேருந்து அண்ணாச்சி அண்ணாச்சின்னு கூப்புட்டுக்கிட்டே இருக்காங்க புள்ள. இத மாட்டிக்கிட்டு உக்காந்தா, பாட்டுக் கேக்குறான்னு யாரும் கூப்புடமாட்டாங்க. கொஞ்ச நேரம் சும்மா இருக்கலாம்."

"சாயங்காலம் யாருங்க ஒங்களக் கூப்புடப்போறா? கடைதான் அடைச்சாச்சே?"

"நீ இருக்கேல்ல" என்றார்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. மாவு எத்தனை படி இருக்கிறது என்று கேட்டால் சொல்வாரே, அப்படித்தான் சொன்னார். அவர் அவளை வைதிருந்தால் நான் நடுவில் புகுந்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இதற்கு என்ன கேட்பது? பாக்கியம் கிண்ணத்தைப் பெட்டிமேல் வைத்தாள். அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டாள். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவர் கிண்ணத்தைத் தொடவில்லை. சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் காப்பி கொடுத்தாள். பக்கத்தில் உட்காரவில்லை. சேதியும் சொல்லவில்லை. "இன்னைக்கு என்ன புள்ள விசேஷம்?" என்று அவராகவே கேட்டார், பாவம். "ஒண்ணுமில்லீங்க" என்றாள். இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே பிடிக்காமல் மிஷினை அறைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"சக்களத்தி ஒழிஞ்சான்னு சந்தோசப்படாம ஏண்டி இப்படி மொகத்தத் தூக்கி வெச்சிக்கிட்டிருக்க?" என்று ஒரு தடவை கேட்டும் பார்த்தேன்.

"அவ இருந்தப்ப அவகிட்ட இருந்து புடுங்கிறலாம்னு இருந்துச்சுக்கா" என்றாள். "இப்ப யாருகிட்ட இருந்து புடுங்குறது?"

தை பிறந்து மழை விட்டது. ஒரு நாள் மத்தியானம் அண்ணாச்சி கடையில் இருந்தார். பாக்கியம் சந்து வழியாகப் பின்வாசலுக்கு வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு சாக்கு மூட்டை. பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து, மூச்சு வாங்க, நடுவில் நின்று நின்று வந்தாள். கிட்டே வந்ததும் பார்த்தேன். இப்றாஹீம் ஷெட்டில் கிடந்த பேட்டரி. அதன் திராவகம் பட்டு சேலையில் ஓட்டை விழுந்திருந்தது. சார்ஜ் ஏற்றித் தரச் சொல்லித் தானே போய்க் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பின்வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "ஒனக்கு என்ன கிறுக்கா பாக்கியம்? ஒழிஞ்சவள இடுப்புல தூக்கி வெச்சி நீயே கூட்டியாறியா? மறுபடியும் அவரு அவ பாட்டக் கேட்டுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி உக்காரவா?"

அவள் மூட்டையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவ பாடுனா அவரு சிரிப்பாருக்கா" என்றாள். "நான் பேசி அவரு அப்படிச் சிரிச்சதே இல்ல. எனக்கில்லாட்டிப் போகுது, பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டாவது இருக்கேன். வழி விடுங்க, பாரமா இருக்கு."

நான் நகர்ந்து கதவைத் திறந்துவிட்டேன்.